லண்டனில் வரிசை, பாளையங்கோட்டையில் பயிற்சி

மகனுக்கு மூன்று வயது. இரண்டு வயதுப் பரிசோதனையின்போது ஹெல்த் விசிட்டர் எனப்படும், சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்தான் முதலில் சந்தேகப்பட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் பெயர் கொடுத்தோம். குழந்தை மருத்துவரைப் பார்க்கவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இங்கிலாந்தில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். ஆனால் 2024-ஆம் ஆண்டின் நடுவிலேயே, பெரியவர்களும் குழந்தைகளுமாக 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கிலாந்தில் இந்த வரிசையில் இருந்தார்கள்.

கோடை விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போனபோது அங்கேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வாங்கும் அறிக்கையால் லண்டன் வரிசையில் உங்கள் இடம் முன்னால் நகராது. எங்கள் மருத்துவக் குழு அதை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டது, ஆனால் மதிப்பீட்டைத் தாங்களே செய்வோம் என்று சொல்லிவிட்டது. அதனால் ஊருக்குப் போகிறோமே என்று இங்கே வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். அப்படியானால் ஊரில் என்னதான் கிடைத்தது? காத்திருக்கும் காலத்தில் பிள்ளையோடு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அது அறிக்கையைவிடப் பெரிய விஷயம்.

என் மதினி விசாரித்து வைத்திருந்த மருத்துவ உளவியலாளரிடம் அதே வாரத்தில் நேரம் கிடைத்தது. ஐசா என்கிற இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தார். மொத்தம் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். என்னிடம் கேட்டதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழில்: "தண்ணி வேணும்னா விரல நீட்டிக் காட்டுதானா, இல்ல உங்க கையப் பிடிச்சி இழுத்துட்டுப் போறானாக்கா?" லண்டனில் இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டபோது நான் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். ஊரிலோ, வீட்டில் நடப்பதை நடந்தபடியே சொல்ல முடிந்தது. மகனையும் அவன் வீட்டில் கேட்கிற மொழியிலேயே கூப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு, நடுத்தரம். அன்று இரவு நானும் கணவரும் வெகுநேரம் தூங்கவில்லை.

மறுநாளே ஸ்பீச் தெரபி தொடங்கியது. ஓர் அமர்வுக்கு 500 ரூபாய். பாதி நேரம் மகனுக்கு, பாதி நேரம் எனக்கு. தெரபிஸ்ட் சோப்பு நுரைக் குமிழி ஊதும் குப்பியை எடுத்தார். இரண்டு முறை ஊதிக் காட்டினார். அப்புறம் மூடியை இறுக்கித் திருகி, குப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவன் திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், அழப் போனான். நான் எழுந்தேன். "இருங்கக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றார். கடைசியில் குப்பியை அவர் கையில் வைத்து முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்த நொடியில் "திற" என்று ஒரே ஒரு சொல் சொல்லி, திறந்து ஊதினார். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய தேவையே வராது என்று விளக்கினார். பிஸ்கட் டப்பா, ஊஞ்சல், குழாய்த் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் வீட்டில் இதையே செய்தோம். ஊரிலிருந்து கிளம்புவதற்குள் "தெற" என்று தெளிவாகச் சொன்னான்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி லண்டனில் ஒரு நர்சரியில் எங்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இருமொழிச் சூழலால் பேச்சு கூடுதலாகத் தாமதமாகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாராளமாகத் தமிழில் பேசுங்கள்.

வசதி இல்லாதவர்களுக்கும் ஊரில் வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசின் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் இடத்துக்கு, அனுப்புகிறார்கள். கட்டணம் கிடையாது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அவர்களுடைய பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், தாய்க்குச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கிவைக்கிறார்கள். லண்டனில் தேதிக்காக உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைக் கேட்டபோது ஏக்கமாக இருந்தது.

சொந்தக்காரர்கள் அன்போடுதான் சொன்னார்கள். ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், வசம்பை உரசி நாக்கில் தடவு. அதை மெதுவாகத் தடுத்துவிடலாம். தடுக்க வேண்டியது வேறு ஒன்று: ஸ்டெம் செல் சிகிச்சையில் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களை. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பெற்றோரின் அவசரம் இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அறிக்கை வாங்கும்போது ஆங்கிலத்தில் வாங்குங்கள். எந்த அளவுகோல், என்ன மதிப்பெண், எந்த மொழியில் பார்த்தார்கள், எத்தனை அமர்வு நடந்தது என்பதெல்லாம் இருக்கட்டும். உளவியலாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் மூவருக்கும் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இங்கிலாந்தில் இருக்கும் பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று: நோயறிதல் கையில் இல்லாமலே பிள்ளைக்கு டி.எல்.ஏ. என்கிற, மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை கேட்கலாம். பள்ளி உதவிக்கான இ.எச்.சி. மதிப்பீட்டையும் உள்ளாட்சிக் கவுன்சிலிடம் பெற்றோரே நேரடியாகக் கேட்கலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், முழு வேலையும் 20 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். ஊரில் வாங்கிய அறிக்கை, தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பயிற்சிக் குறிப்புகள், மகன் குப்பியை நீட்டும் ஒரு சின்ன வீடியோ மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். மதிப்பீடு செய்கிறோம் என்று கவுன்சில் எழுதியிருக்கிறது. மருத்துவமனைத் தேதி இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை போன் செய்து, யாராவது வராமல் ரத்தான நேரம் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.