சூரியகாந்தியன்று, பூவரசு: கொழும்பில் ஒரு ஞாயிறு நடை

கொழும்பில் தமிழில் நடத்தப்படும் வரலாற்று நடைகள் அரிது. ஆகவே, முன்னாள் படையினர் சங்கத்தின் கதையைக் காலிமுகத்திடலிலிருந்து விகாரமகாதேவி பூங்கா வரை நடந்தபடியே சொல்லப்போவதாக ஒரு சிறு குழு அறிவித்ததும், ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்து எனக்கும் வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்கும் இடம் பதிவு செய்தேன்.

நடையின் வழியைத் தேர்ந்த விதம் பாராட்டுக்குரியது. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1923இல் திறக்கப்பட்ட போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத்திடலில்தான் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதை இட அடையாளமாகக் கொண்டு நகரைத் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் அதைக் கழற்றி, அன்று விக்டோரியா பூங்கா எனப்பட்ட இன்றைய விகாரமகாதேவி பூங்காவில் மீண்டும் நிறுத்தினார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசவே செய்தன. தூண் போன திசையிலேயே நாமும் கொள்ளுப்பிட்டி ஊடாக நடக்கிறோம் என்று வழிகாட்டி சொன்னபோது, “தூணும் இடம்பெயர்ந்ததுதானோ!” என்றார் பெரியம்மா. மூன்று முறை இடம்பெயர்ந்தவர் அவர். குழுவில் பாதிப்பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

தூணுக்கு முக்கால் மணிநேரம் கொடுத்த வழிகாட்டி, அந்தச் சங்கத்தின் வரலாற்றிலேயே மிகச் சுவையான பகுதிக்குப் பத்து நிமிடங்களே ஒதுக்கினார். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளில் பொப்பி மலர் விற்றுப் படையினருக்கு நிதி திரட்டும் வழக்கம் பிரித்தானியாவில் 1921இல் வேரூன்றி இலங்கைக்கும் வந்தது. இங்கே திரண்ட பணத்தில் பெரும்பகுதி கப்பலேறிப் போனது. இதே நாட்டிலிருந்து போருக்குப் போய்த் திரும்பி, வேலையின்றி நின்றவர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. அதை எதிர்த்து 1931இல் ஏலியன் பெரேராவின் முன்முயற்சியில் இலங்கை முன்னாள் படையினர் சங்கம் அதே நாளில் ‘சூரிய மல்’ (சிங்களத்தில் ‘மல்’ என்றால் பூ) விற்கத் தொடங்கியது. பேரரசுக்காகப் போரிட்டவர்களே பேரரசின் உண்டியலுக்குக் கணக்குக் கேட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அந்தக் கேள்வியை வழிகாட்டி ஒரு வாக்கியத்தில் கடந்துபோனார்.

அதைவிட மோசமானது கையேடு. ‘சூரிய மல்’ என்பதைச் ‘சூரியகாந்தி’ என்று மொழிபெயர்த்து, பக்கத்தில் பெரிய சூரியகாந்திப் படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை வாசித்தார்.

“தம்பி, சூரியா எண்டு சிங்களத்தில சொல்றது பூவரச மரத்தை. சூரியகாந்தி வேற.”

“அப்படியா அம்மா? இணையத்தில் அப்படித்தான் இருந்தது” என்றார் வழிகாட்டி.

வேலியோரப் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாமல் வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் குறைவு. காலையில் மஞ்சளாக விரிந்து, அடியில் கருஞ்சிவப்புக் காட்டி, மாலையில் முழுவதும் சிவந்து வாடும் அந்தப் பூவைத்தான், கடல் கடந்து வந்த பொப்பிக்கு எதிராக ஊர்ப் பூவாக நிறுத்தினார்கள். சூரியகாந்தியை வைத்தால் அந்தப் போட்டியின் பொருளே போய்விடுகிறது.

1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகத்தினர் கையிலெடுத்த பின், முன்னாள் படையினரின் நிதி திரட்டலாக இருந்த சூரிய மல், ஏகாதிபத்தியத்தையும் போரையும் எதிர்க்கும் இயக்கமாக மாறியது. தலைவியாக வந்தவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது இந்த இயக்கத்தவர் ஊரூராக நிவாரணம் கொண்டு சென்றார்கள். பட்டினியில் நலிந்திருந்த நோயாளிகளுக்கு அவர்கள் கொடுத்தவற்றில், இன்றும் நம் வீடுகளில் பாணுக்குப் பூசும் மாமைட்டும் ஒன்று. என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றோர் அந்தப் பணியில் நின்றார்கள். இவர்களைப் போன்றோர் சேர்ந்து 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள். ஒரு படையினர் சங்கத்தின் பூ விற்பனை இவ்வளவு தூரம் போனதை இந்த நடையில் கேட்க முடியவில்லை. இவை நான் முன்பே வாசித்து அறிந்தவை.

பூங்காவில், தூணின் அடியில், ஒவ்வொரு நவம்பரிலும் சங்கம் நடத்தும் நினைவு நிகழ்வையும் இன்றும் தொடரும் பொப்பி விற்பனையையும் வழிகாட்டி தெளிவாக விளக்கினார். பின்வரிசையில் நின்ற ஓர் இளைஞர், இன்றைய முன்னாள் படையினர் எந்தப் போரிலிருந்து திரும்பியவர்கள், அந்தப் போரில் இறந்த மற்றவர்களுக்கு எங்கே தூண் என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டது என்பதே பதில். தமிழில் நடை நடத்துபவர் இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பதில் இல்லாவிட்டாலும், நின்று கேட்டிருக்கலாம்.

வழிகாட்டியின் குரல் கணீரென்றிருந்தது. காலி வீதியின் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் தரவில்லை, இடையில் உட்கார ஓரிடமும் இல்லை. கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு பெரியம்மாவை ஓட்டோவில் ஏற்றித்தான் பூங்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நேரே பூங்காவில் சேர்ந்துகொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையேட்டை அடுத்த மாதம் திருத்தி அச்சிடுவதாக வழிகாட்டி பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். படத்துக்குப் பூவரசம்பூ வேண்டுமானால் தன் தங்கையின் வளவில் இருக்கிறது என்று இவரும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.