ரோப் ஹால்டர் வாங்கலாமா? முதலில் அந்த முடிச்சைப் பற்றிப் பேசுவோம்

புதிதாகக் குதிரை வாங்கியிருக்கும் நண்பன் ஒருவன், "மாப்ள, நீ போடற கயித்து ஹால்டர் வெல எறங்கிருச்சாமே, வாங்கிரட்டுமா?" என்று கேட்டான். போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை. வாங்கு என்றாலும் பாதி உண்மைதான், வேண்டாம் என்றாலும் பாதி உண்மைதான். ஹால்டர் என்பது குதிரையைப் பிடித்து நடத்தத் தலையில் மாட்டுவது, கடிவாளம் போல வாய்க்குள் எதுவும் போகாது. எப்படி இருக்கும், எப்படி மாட்டுவது என்பதெல்லாம் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதனால் நேராக முடிச்சுக்கு வருகிறேன்.

இடது கன்னத்தில் போடும் அந்த ஒற்றை முடிச்சுதான் என் பிரச்சினை. காதுக்குப் பின்னால் தலையைச் சுற்றி வரும் வாரைக் கன்னத்து வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தைச் சுற்றிக் கீழே கட்டி, மிச்ச நுனி கண்ணைக் குத்தாமல் பின்பக்கம் போகும்படி விட வேண்டும். வளையத்துக்கு மேலே கட்டினால் கெட்டியாக நிற்காது, அப்புறம் அவிழ்க்கவும் வராது. சரி, ஒழுங்காகத்தான் கட்டினேன் என்று வையுங்கள். நனைந்திருக்கும்போது குதிரை ஒரு இழு இழுத்தால் போதும், முடிச்சு கல்லாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் குளம்பு சுரண்டும் கொக்கியை நான் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிவது குளம்புக்காக அல்ல. முடிச்சுக்குப் பதிலாக இரும்புக் கொளுவி வைத்த மாடலும் கிடைக்கிறது. ஆனால் கன்னத்தில் இரும்பு ஆடிக்கொண்டிருந்தால் கயிறு வழியாகப் போகும் சின்ன அசைவு குதிரைக்குத் தெளிவாகப் போய்ச் சேராது என்கிறார்கள். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துகொண்டே மழையில் நின்று பல்லைக் கடிப்பது தனி எரிச்சல்.

அப்படியும் ஏன் இதையே போடுகிறேன் என்றால், மைனாவால். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய பெட்டைக் குதிரை. ராஜஸ்தானின் மார்வாரி இனக் கலப்பு, காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். வாய்ப்பக்கம் கை போனாலே தலையை அண்ணாந்துவிடுவாள். முள் கடிவாளம் கண்ட வாய். வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. சட்டமும் இருக்கிறது, முள்ளும் இருக்கிறது.

வாயில் எதையும் வைக்காமல் பழக்க முடியுமா என்று தேடியபோதுதான் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த டாம் டாரன்ஸ், ரே ஹன்ட் போன்றவர்களின் வழி கிடைத்தது. அடித்துப் பணிய வைக்காதே, குதிரை என்ன நினைக்கிறது என்று பார். தப்பானது அதற்குச் சிரமமாகவும் சரியானது சுலபமாகவும் இருக்கும்படி செய். இவ்வளவுதான் சாரம். கயிற்றை லேசாகப் பிடிக்கிறோம், குதிரை யோசிக்கிறது, ஒரு காலை எடுக்க நினைக்கிறது, அந்த நொடியில் விட்டுவிட வேண்டும். இழுத்ததிலிருந்து அது கற்றுக்கொள்வதில்லை, விட்டதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அரை நொடி தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொள்ளும்.

இங்கேதான் இந்தக் கயிறு தன் விலைக்கு நியாயம் செய்கிறது. 6 மி.மீ. கயிறு, கொஞ்சம் விறைப்பானது. கூடவே 12 அடி நீளத்தில், படகுகளுக்குப் பின்னும் ரகத்தில் 14 மி.மீ. பிடிகயிறு. கனமாக இருப்பதால் கையைத் தளர்த்தியதும் பொத்தென்று தொங்கிவிடும், விட்டது குதிரைக்கு உடனே தெரியும். ஹார்டுவேர் கடை நைலான் கயிற்றையும் கட்டிப் பார்த்தேன். அது காற்றில் மிதக்கிறது, பிடித்ததற்கும் விட்டதற்கும் வித்தியாசமே இல்லை.

ஒரு மாலை வாய்க்கால் ரோட்டில் பஸ் ஒன்று காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மைனா சிலையானாள். நான் கயிற்றைத் தொடவில்லை, மூச்சை மட்டும் நீளமாக விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் விட்டாள், வாயை அசைபோட்டாள், நடந்தாள். யூடியூப் பயிற்சியாளர்கள் இதை மரியாதை என்பார்கள். பதற்றம் இறங்கியது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கும் சேர்த்து இறங்கியது. இப்போது லாயத்துக்குள் போகுமுன் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. வேலை ஆட்களிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். "அப்பா, மைனாகிட்ட பேசற மாதிரியே எங்கிட்டயும் பேசறீங்க" என்றாள் மகள். பாராட்டா புகாரா, கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த ஹால்டர் வரும் அட்டைப்பெட்டியைப் பார்க்கும்போது. 'மென்மை', 'பந்தம்' என்று அச்சடித்து அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். ஐயா, இது மென்மையான பொருளே கிடையாது. மெல்லிய கயிறு என்பதால் அகல நாடாவைவிட அழுத்தம் ஒரே இடத்தில் இறங்கும், மூக்கின் மேல் இருக்கும் முடிச்சுகள் இன்னும் குத்தும். கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டிய மூக்குவார் இன்னும் தாழ்ந்துவிட்டால் மூச்சையே தொந்தரவு செய்யும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. இதைப் போட்டுக் கம்பத்தில் கட்டக் கூடாது, லாரியில் ஏற்றக் கூடாது, மேய்ச்சலில் விடவே கூடாது. எதிலாவது மாட்டினால் கயிறு அறாது, கழுத்துதான் போகும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆகவே மாப்ள, நீ வாங்காதே. உன் குதிரையைக் காலையில் நீ பிடிப்பாய், மாலையில் உன் பையன், நடுவில் தோட்டத்து ஆள். மூன்று கைகளும் ஒரே மாதிரி விடப் போவதில்லை. நல்ல அகல நாடா ஹால்டர் போதும், கட்டிப்போடவும் அதுதான் வேண்டும். விலை இறங்கியதென்று எனக்கு மட்டும் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன், பழையதன் வளையம் நைந்துவிட்டது.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. வெளியே மழை, குளம்புக் கொக்கியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சித்திரையில் எழுதியிருந்தால் நாலரை போட்டிருப்பேன்.