போதைய நிறுத்துனாங்க, தட்ட கவனிக்கல: தம்பிய சேத்த ரீஹேப் பத்தி

தம்பிய 90 நாள் வெச்சிருந்த ரீஹேப், அதான் போதை மறுவாழ்வு மையம், அத பத்தின ரிவ்யூ இது. பேர் போடல, சென்னைக்கு கொஞ்சம் வெளிய இருக்கு, அவ்ளோதான். மாசம் 35,000, அட்வான்ஸ் தனி. போதைய நிறுத்துறதுல கெட்டிக்காரங்க, அதுக்கு 4 ஸ்டார். சாப்பாட்டு விஷயத்துல ஒண்ணு கூட கிடையாது. சமையல் மோசம்னு நெனச்சுடாதீங்க, ஞாயித்துக்கிழமை சிக்கன் குழம்பு வீட்ட விட நல்லாருக்குன்னு அவனே சொன்னான் (அம்மா ரெண்டு நாள் அவங்கிட்ட பேசல).

விஷயம் என்னன்னா அவன் எடுத்தது மெத், மெத்தம்ஃபெட்டமின்ங்கற போதைப்பொருள். அது உள்ள போனா பசியே எடுக்காது. சின்ன வயசுல இவன் குண்டு, ஸ்கூல்ல பூசணின்னுதான் கூப்புடுவானுங்க, மெத்ல அவனுக்கு கெடச்ச மொத சந்தோஷமே பேண்ட் லூசானதுதான்க்கான்னு ரொம்ப நாள் கழிச்சு எங்கிட்ட சொன்னான். அட்மிஷன் ஃபார்ம் 6 பக்கம், எப்ப ஆரம்பிச்ச, எவ்ளோ, யார் கூட, போலீஸ் கேஸ் இருக்கா எல்லாம் கேட்டாங்க, சாப்பாட்ட பத்தி ஒரே கேள்வி, வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு.

மெத் நின்னதும் அமுங்கி கெடந்த பசி மொத்தமா கெளம்பிடுச்சு. கிரேவிங் வந்தா ஸ்வீட்டு பிஸ்கட்டுன்னு அவங்களும் குடுத்துகிட்டே இருந்தாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் மெஷின்ல ஏத்தி "17 கிலோ ஏறிருக்கான்"னு கைதட்டல் வேற, சொந்தக்காரங்க எல்லாம் "உடம்பு தேறிடுச்சே"ன்னு சந்தோஷப்பட்டாங்க, நம்ம ஊர்ல அதவிட நல்ல வார்த்தை ஏது, ஆனா அவன் மட்டும் தலைய குனிஞ்சு தரையையே பாத்துட்டு இருந்தான். வார்டன் பெருமையா எங்கிட்ட சொன்னாரு, "சாப்ட்ட உடனே குளிக்க போயிடுவான்மா, சுத்தமான பையன்". மூணு வேளையும் சாப்ட்ட உடனே எவனாவது குளிப்பானா, அப்ப எனக்கும்தான் ஒறைக்கல.

கண்டுபுடிச்சது பல் டாக்டர். கூச்சம்னு கூட்டிட்டு போனேன், மேல் முன்பல்லோட உள்பக்கம் தேஞ்சு போயிருக்கு, வலது கை விரல் முட்டில காய்ப்பு காய்ச்சிருக்கு, ரெண்டையும் பாத்துட்டு மெதுவா "அடிக்கடி வாந்தி எடுக்கறீங்களா தம்பி"ன்னு கேட்டாரு. அந்த காய்ப்ப சண்டைல பட்டதுன்னு ரீஹேப் ஃபைல்ல எழுதி வெச்சிருக்காங்க! விரல விட்டு வாந்தி எடுக்கறது பிளஸ் டூலயே ஆரம்பிச்சிருக்கு, மெத் வந்ததும் நின்னுருக்கு, மெத் போனதும் திரும்ப வந்துருக்கு.

அளவில்லாம சாப்ட்டு அத வாந்தியா எடுத்துடற இந்த கோளாறுக்கு பேரு புலிமியா, பொண்ணுங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். ராத்திரி தூக்கம் வராம தேடுனா கொலம்பியா யுனிவர்சிட்டி சென்டர் ஒண்ணு 2003லயே ரிப்போர்ட் போட்டு வெச்சிருக்கு, குடி, போதை பழக்கம் இருக்கறவங்கள்ல 35 சதவீதம் வரைக்கும் இந்த மாதிரி சாப்பாட்டு கோளாறு இருக்கலாமாம், பொதுமக்கள்ல 3 சதவீதம்தானாம். அமெரிக்கா கணக்குதான், இருந்தாலும் ஒரு ரீஹேப்புக்கு இது தெரிஞ்சிருக்க வேணாமா? இன்னொண்ணு, சிகரெட் பழக்கத்த நிறுத்த புப்ரோபியான்னு ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம்னு அங்க பேச்சு இருந்துச்சு, நல்லவேள ஆரம்பிக்கல. புலிமியா இருக்கறவங்களுக்கு அத குடுக்கவே கூடாது, வலிப்பு வர வாய்ப்பு அதிகம்னு ரெண்டாவதா போன எடத்துல சொன்னாங்க.

அந்த ரெண்டாவது எடம் ஒரு சின்ன கிளினிக், சைக்கியாட்ரிஸ்ட்டும் டயட்டீஷியனும் ஒரே ரூம்ல உக்காந்து பேசுறாங்க. மொத நாளே அஞ்சு கேள்வி. வயிறு ரொம்ப நெறஞ்சு போச்சுன்னு நீயே வாந்தி எடுக்கறியா, எவ்ளோ சாப்புடறோம்ங்கற கண்ட்ரோல் போயிடுச்சுன்னு கவலையா இருக்கா, இப்படி. ரெண்டுக்கு ஆமான்னாலே சந்தேகப்படணுமாம், இவன் நாலுக்கு ஆமான்னான். உடனே பொட்டாசியம் டெஸ்ட், ஈசிஜி, ஏன்னா வாந்தில பொட்டாசியம் எறங்குனா ஹார்ட்டு துடிப்பு தாறுமாறா ஆயிடும். வெயிட் பாக்கும்போது அவன திருப்பி நிக்க வெச்சு பாக்கறாங்க, நம்பர் அவனுக்கு தெரியாது, எங்களுக்கும் சொல்றதில்ல. வேளாவேளைக்கு சாப்பாடு, பட்டினி கூடவே கூடாது, சாப்ட்டு ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கம் போகக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் நான் கேரம் ஆடுறேன், தெனம் தோக்குறேன். நடுவுல ரெண்டு தடவ சறுக்குனான், திட்டாதீங்கன்னு டயட்டீஷியன் எங்களதான் திட்டுச்சு.

யாரையாவது சேக்கறதா இருந்தா ரூம், ஏசி பாக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ கேளுங்க, டயட்டீஷியன் இருக்காங்களான்னு கேளுங்க, வெயிட்ட ஏன் பாக்கறாங்க, சாப்ட்டப்புறம் யார் கூட இருப்பாங்கன்னும் கேளுங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், தமிழ்ல பேசுவாங்க, காசு கெடையாது.

ரீஹேப் மொத்தமா 5க்கு 2. கிளினிக் 4, ஒண்ணு கொறச்சது வெயிட்டிங்குக்கு, சனிக்கிழம போனா டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும், வண்டி நிறுத்தவும் எடம் இல்ல. எதுத்தாப்ல டீக்கடைல சுண்டல் நல்லாருக்கும், போன வாரம் தம்பியே ரெண்டு பொட்டலம் வாங்கிட்டு வந்தான், ஒண்ணு எனக்கு.