புதுக் கட்டடங்களுக்கான உட்கட்டமைப்புக் கட்டணம்: கலிபோர்னியா, இங்கிலாந்து, தமிழ்நாடு

நானூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பினால், அந்த நானூறு குடும்பங்களுக்கும் குடிநீர், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், சாலை ஆகியவற்றை யாராவது அமைத்துத் தந்தாக வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கட்டுநரிடமே வாங்க வேண்டும் என்பதில் இந்த மூன்று அரசுகளும் ஒத்துப்போகின்றன. கட்டணத்தை எதை வைத்து நிர்ணயிப்பது, வாங்கிய பணத்தை எங்கே செலவிடுவது என்ற இரண்டிலும்தான் அவை பிரிகின்றன. இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து.

கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆவது முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கும், வரிக்கான மதிப்பு உயர்வை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மிகாமல் கட்டிப்போட்டது. வரியால் இயலாததைக் கட்டணத்தால் ஈடுகட்ட உள்ளாட்சிகள் முனைந்தபோது, 1987-இல் வந்த சட்டம் அதற்கு வரம்பு விதித்தது. புதிய கட்டடத்தால் எழும் தேவைக்கும் கேட்கப்படும் தொகைக்கும் நியாயமான தொடர்பு இருப்பதை உள்ளாட்சி காட்ட வேண்டும். பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிட வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை, செலவாகாமல் கிடக்கும் தொகை எந்தப் பணிக்கு உரியது என்று விளக்க வேண்டும், தவறினால் திருப்பித் தர வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் பிணக்கு எழாமல் இல்லை. எல் டொராடோ என்ற கவுண்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி), சொந்த நிலத்தில் ஓர் ஆயத்த வீட்டை நிறுத்த அனுமதி கேட்டவரிடம் சாலைப் போக்குவரத்துக்கான கட்டணமாக 23,420 டாலர் கேட்டார்கள். அந்த ஒரு வீட்டால் எவ்வளவு நெரிசல் கூடும் என்று யாரும் கணக்கிடவில்லை. இடமும் கட்டட வகையும் போட்ட அட்டவணையில் எந்தத் தொகை இருந்ததோ அதைக் கேட்டார்கள். அவர் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். சட்டமியற்றும் அவை வகுத்த அட்டவணை என்பதாலேயே ஒரு கட்டணம், கேட்கும் தொகை கட்டடத்தின் பாதிப்புக்கு ஏற்றதா என்ற அரசமைப்புச் சோதனையிலிருந்து தப்பிவிட முடியாது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அட்டவணைக் கட்டணத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டுமா என்பதை மட்டும் அது முடிவு செய்யவில்லை.

இங்கிலாந்து இந்தத் தலைவலியை வேறு வழியில் தவிர்க்கிறது. 2008-ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின்படி வந்த சமூக உட்கட்டமைப்புத் தீர்வையில், ஒவ்வொரு கட்டடமும் உண்டாக்கும் பாதிப்பை அளப்பதில்லை. கூடும் தளப்பரப்புக்குச் சதுர மீட்டர் கணக்கில் வாங்குகிறார்கள். இவ்வளவு கேட்டால் அந்தப் பகுதியில் கட்டுமானம் நின்றுவிடுமா என்று சுயேச்சையான ஓர் ஆய்வாளர் விசாரித்த பிறகே விகிதம் நடைமுறைக்கு வரும். லண்டனில் கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காக 2012-இல் மேயர் விதித்த தீர்வை, நகரை மூன்றாகப் பிரித்துச் சதுர மீட்டருக்கு 50, 35, 20 பவுண்டு என நிர்ணயித்தது. நிலமதிப்புக்கு ஏற்பக் கட்டணமும் இறங்கியது. இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று: உள்ளாட்சி வாங்கும் தீர்வையில் 15 சதவீதம், கட்டடம் எழும் அந்தப் பகுதிக்கே ஒதுக்கப்பட வேண்டும், அப்பகுதி மக்கள் தங்களுக்கென ஒரு வட்டாரத் திட்டம் வகுத்திருந்தால் அது 25 சதவீதம்.

தமிழ்நாட்டில் வழி இரண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007-இல் செய்த திருத்தத்தால் வந்த உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம், திட்ட அனுமதியின்போது தளப்பரப்புக்கு ஏற்ப வாங்கப்படுகிறது. அளவிடும் முறையில் இது இங்கிலாந்தை ஒத்தது. ஆனால் பணம் மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. கட்டிய பகுதிக்கு அதில் இவ்வளவு என்ற உரிமை இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் வீடு வாங்கியவர், விலையோடு சேர்த்து இந்தக் கட்டணத்தையும் ஏதோ ஒரு வகையில் சுமந்துவிட்டு, மாதாமாதம் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் தனியாகக் கொடுக்கிறார். ஒரே தேவைக்கு இரண்டு முறை பணம் போகிறது என்று அவர் கருதினால் அதில் தவறில்லை.

இரண்டாவது வழி, பணத்துக்குப் பதில் நிலம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனையில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். சாலை போக 12,000 சதுர மீட்டர் உள்ள மனை என்றால் 1,200 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை கிரவுண்டு மனைகள் பதினொன்று. இந்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட முடியாது என்பதே அதன் பெரும் பலம். எங்கள் பகுதியில் அப்படி ஒப்படைத்த நிலம் ஒன்று சுற்றுச்சுவருக்குள் சிக்கி, பூட்டிய கேட்டுக்கு அப்பால் கார் நிறுத்துமிடமாகக் கிடக்கிறது. ஆயினும் அது அங்கேயே இருப்பதால் மீட்டுவிட முடியும். தொலைவில் செலவான பணத்தை அப்படிக் கேட்டு வாங்க வழியில்லை.

எனவே தளப்பரப்பை வைத்தே கட்டணம் வாங்கலாம் என்பேன். கலிபோர்னியாவில் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியபோது சிறு வீட்டுக்காரர் பெரிய வீட்டுக்காரருக்கு நிகராகக் கட்ட நேர்ந்தது. 2021-இல் அங்கேயும் சட்டம் பரப்பளவின் பக்கம் திரும்பியது. விகிதத்தை முன்கூட்டியே அறிவிப்பதும் அவசியம். நிலம் வாங்கும் முன்பே கட்டணம் தெரிந்தால் கட்டுநர் நிலத்தின் விலையைக் குறைத்துக் கேட்பார். பின்னர் திடீரென உயர்ந்தால் சுமை வீடு வாங்குபவர்மேல் விழும். தமிழ்நாடு அங்கிருந்து கொண்டுவர வேண்டியவை, கலிபோர்னியாவின் ஐந்தாண்டுக் கணக்கும் இங்கிலாந்தின் 15 சதவீதமும். அந்தப் பங்கைக் கேட்டு வாங்கவும், எந்தத் தெருவின் வடிகாலுக்கு என்று முடிவு செய்யவும் புதிய அமைப்பு தேவையில்லை. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற வார்டுகளில் கூடிவரும் பகுதி சபைகளில், இந்தக் கட்டணத்தின் கணக்கை ஒரு பொருளாக வைத்தாலே போதும்.