டெல் ஐடிராக் 9: பாவித்த சேர்வர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

யாழ்ப்பாணத்தில் சின்ன ஒபிஸ் நடத்துகிற பலர் பாவித்த சேர்வரைத்தான் வாங்குகிறோம், புதுசின் விலை கைக்கு எட்டாது. ஸ்டான்லி வீதி ஒபிசுக்கு நாங்கள் எடுத்தது டெல் பவர்எட்ஜ் ஆர்740. 2017இல் வந்த மொடல், எங்கள் வேலைக்குத் தாராளம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குள் இருக்கிற ஐடிராக் 9 பற்றி, அதாவது சேர்வரைத் தூரத்திலிருந்து பார்த்துக் கட்டுப்படுத்த உதவுகிற சின்னத் தனிக் கணினி பற்றி, ஏனென்றால் கடைக்காரரும் அதைச் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

சேர்வர் நின்றிருந்தாலும் பவர் கேபிளில் கரண்ட் இருந்தால் ஐடிராக் ஓடிக்கொண்டேயிருக்கும், அதற்கென்று தனி நெட்வேர்க் போர்ட், தனி ஐபி, தனி லொகின். இரவில் கரண்ட் போய் யூபிஎஸ்சும் இறங்கி சேர்வர் நின்றுவிட்டால், கரண்ட் வந்தபிறகு மானிப்பாயில் வீட்டில் இருந்தபடியே பிரவுசரைத் திறந்து பவர் ஒன் கொடுத்துவிடலாம், மாரி மழைக்குள் டவுனுக்கு ஓடத் தேவையில்லை. இதற்காகவே நான் முழு மார்க் போடுவேன்.

முதல் லொகின் லேசு. கம்பனி அமைப்பில் முகவரி 192.168.0.120, பெயர் ரூட், பாஸ்வேர்ட் கேல்வின். சில சேர்வர்களுக்கு தனி பாஸ்வேர்ட் கொடுத்திருப்பார்கள், அது முன்பக்கத்தில் இழுத்தால் வெளியே வரும் தகட்டின் பின்புறம் இருக்கும். ஐபி என்னவென்றே தெரியாவிட்டாலும் பயமில்லை, முன்னால் இருக்கிற மைக்ரோ யூஎஸ்பி போர்ட்டில் லப்டொப்பைக் கொழுவி 169.254.0.3 என்று அடித்தால் லொகின் பக்கம் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் கத்தும், அது ஐடிராக் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ் என்பதால்தான்.

எங்களுக்கு வந்த சேர்வரில் பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்ட் அப்படியே கிடந்தது, விற்றவரைக் கேட்டால் தெரியாது என்றார். சரி என்று மொனிட்டரைக் கொழுவி, பூட் ஆகும்போது எஃப்2 அடித்து, ஐடிராக் செட்டிங்சுக்குள் போய்ப் புதுப் பாஸ்வேர்ட் போட்டோம். பழையது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

குறை என்றால் லைசன்ஸ். எக்ஸ்பிரஸ் என்ற கீழ்மட்ட லைசன்சில் பவர் போடலாம், வெப்பநிலை பார்க்கலாம், லொக் வாசிக்கலாம், ஆனால் சேர்வரின் திரையை வீட்டிலிருந்து பார்க்கிற விர்ச்சுவல் கொன்சோல் வேண்டுமென்றால் அதற்கு மேலான என்டர்பிரைஸ் லைசன்ஸ் வேண்டும். பூட் ஆகாமல் இடையில் நிற்கிற சேர்வருக்கு அந்தத் திரைதான் உயிர், அது இல்லாமல் பவரை மட்டும் போட்டுப் போட்டு என்ன செய்வது? இருந்தால் அருமை: பழைய ஐடிராக் 6 போல ஜாவாவோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிரவுசரிலேயே திரை வரும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து ஐடிராக்கை நேரே இன்ரநெற்றில் விடாதீங்கோ. இதற்குள் நுழைந்தவன் கையில் முழு சேர்வருமே இருக்கும், டிஸ்க்கை அழித்துப் புது விண்டோஸ்கூடப் போடலாம். ஒபிஸ் நெட்வேர்க்குக்குள் பூட்டிய வழியாகப் போகிற விபிஎன் மூலம் மட்டும் போங்கோ. ஐபிஎம்ஐ ஓவர் லான் (நெட்வேர்க் வழியாகச் சேர்வரைக் கட்டுப்படுத்துகிற பழைய முறை) என்பதையும் நிறுத்தியே வையுங்கோ, ஐபிஎம்ஐ 2.0 லொகின் முடியுமுன்னமே பாஸ்வேர்ட்டிலிருந்து கணக்கிட்ட குறியீடான ஹாஷைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிடும், அதைக் கொண்டுபோய் ஆறுதலாக உடைத்துப் பாஸ்வேர்ட்டைக் கண்டுபிடிக்கலாம்.

கடையில் காசைக் கொடுக்க முன்னம் ஒருக்கா லொகின் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. உள்ளே போனதும் மேலேயே எக்ஸ்பிரசா என்டர்பிரைசா என்று எழுதியிருக்கும். லைசன்ஸ் அந்தச் சேர்வரின் சேர்விஸ் டாக்கோடு (டெல் ஒவ்வொரு சேர்வருக்கும் கொடுக்கிற தனி அடையாள எண்) கட்டுப்பட்டது, வேறொன்றிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.