தந்தையாரின் படைப்பதிவைத் திருத்த வன்னியில் ஒரு பிறப்புப் பதிவைத் தேடியபோது

இந்தமுறை ஊருக்குப் போய்வந்ததில் விமானப் பயணமும் ஏ9 வீதியும் உறவினர் உபசரிப்பும் ஒரு குறையுமின்றி அமைந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, வன்னியிலுள்ள ஒரு பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் என் தந்தையாரின் பிறப்புப் பதிவைத் தேடி நான் பட்ட பாட்டையும், அங்கே ஒருவர் கேட்ட ஒரேயொரு கேள்வியையும்தான்.

தந்தையார் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் பயனியர் பிரிவில் பணியாற்றியவர். இலங்கையரைக் கொண்ட பயனியர் அணிகள் எட்டாவது இராணுவத்துடன் இணைக்கப்பட்டு முதலில் வட ஆபிரிக்காவிலும் பின்னர் இத்தாலியிலும் வேலை செய்தன. வீதி அமைத்தல், கப்பலில் வரும் சரக்குகளை இறக்குதல், வெடிமருந்துப் பெட்டிகளைச் சுமத்தல் ஆகிய வேலைகளை, பெரும்பாலும் குண்டுவீச்சின் நடுவிலேயே, அவர்கள் செய்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர் கமத்துக்குள் இறங்கினார். பதக்கங்களைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை. அந்தப் போருக்கான பதக்கங்கள் தரைப்படையினருக்குத் தாமாக வீடு தேடி வரவில்லை. உரியவரே விண்ணப்பித்துக் கேட்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. முல்லைத்தீவுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஒரு கமக்காரருக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? அவர் பத்திரமாக வைத்திருந்த விடுவிப்புச் சான்றிதழும் 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தகரப் பெட்டியோடு போய்விட்டது.

தந்தையார் காலமான பின்னர், இங்கிலாந்தில் இருக்கும் நான் அவருடைய படைப்பதிவின் பிரதியைப் பெற்றேன். எகிப்திலும் லிபியாவிலும் செய்த சேவை அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. இத்தாலியில் செய்த சேவையோ பாட்டனாரின் பெயரில், படை இலக்கத்தில் ஓர் எண் மாறி, வேறொரு தாளில் இருந்தது. தகப்பன் பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் எழுதும் நம் வழக்கத்தை அறியாத எழுத்தர் ஒருவர், மருத்துவமனையிலிருந்து அணிக்குத் திரும்பிய ஒரு மனிதரை இரண்டு மனிதராக்கிவிட்டார். தாள்களின்படி, முதலாமவர் 1943இல் காணாமற்போகிறார். இரண்டாமவர் படையில் சேர்ந்ததற்கான பதிவே இல்லாமல் இத்தாலியில் திடீரென்று தோன்றுகிறார்.

இதனால் வரும் இழப்பு சிறியதல்ல. அந்தப் போரின் பதக்கங்களில் ஆபிரிக்க நட்சத்திரம் 1940 யூன் 10 முதல் 1943 மே 12 வரையான சேவைக்கும், இத்தாலி நட்சத்திரம் 1943 யூன் 11 முதல் 1945 மே 8 வரையான சேவைக்கும் உரியவை. பதிவு இரண்டாகப் பிரிந்திருக்கும்வரை இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்து வழங்க முடியாது. மகன் என்ற முறையில் படைப்பதிவுக்குப் பொறுப்பானவர்களிடம் திருத்தம் கோரினேன். இரண்டு பெயர்களையும், அவற்றுக்கிடையிலான உறவையும் ஒருசேரக் காட்டும், படையில் சேர்வதற்கு முன்னரே எழுதப்பட்ட அரச ஆவணம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட ஆவணம் ஒன்றுதான் இருக்க முடியும்: பிள்ளையின் பெயரும் தகப்பனின் பெயரும் தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட்ட பிறப்புப் பதிவு.

பதிவுப் பிரிவின் கவுண்டரில் இருந்தவர் இளம்வயது உத்தியோகத்தர். மரியாதையாகவே பேசினார். ஊரின் பெயரையும் பிரதேச செயலாளர் பிரிவையும் கேட்டுக் கணினியில் தட்டினார். அப்படியொரு பதிவு இல்லை என்றார். "பிள்ளை, இது நூறு வருசத்துக்கு முந்தின பதிவு. கணினியில் இருக்காது, பழைய இடாப்பில் பாருங்கோ" என்றேன். இடாப்பில் பார்ப்பதற்கும் பிரிவின் பெயர் வேண்டும் என்றார். அதே பெயரைத் திரும்பச் சொன்னேன். அதே பதில் திரும்ப வந்தது. பின்பு மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளவர்கள் இது எங்களுடையதல்ல என்று மறுபடியும் முதல் கவுண்டருக்கே அனுப்பிவைத்தார்கள். வெயிலில் பேருந்துக்கு நின்ற நேரமெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். கோடுகள் இப்படி மாறியிருக்க, 1920களின் பதிவொன்றை இன்றைய பிரிவின் பெயரில் மட்டும் தேடினால் அது எப்படி அகப்படும்? இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற ஆற்றாமை என்னைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில், உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமே என்று ஓர் ஆலோசனை வந்தது. அது பிறப்புப் பதியப்படாதவர்களுக்கு வழங்கப்படுவது. பதிவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, இறந்துபோன ஒருவருக்கு உத்தேச வயதை வாங்கி நான் என்ன செய்வது? அந்த இடத்தில் என் குரல் உயர்ந்தது என்பதை மறைக்கவில்லை. லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 1922இல் ஒரு பட்டினம் எந்த நிர்வாகப் பிரிவின் கீழ் இருந்தது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ள வழிகாட்டிகளும் சுட்டிகளும் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சிடமிருந்த படைப்பதிவுகளும் 2022 முதல் இலட்சக்கணக்கில் அங்கே மாற்றப்பட்டு வருகின்றன. அந்த ஒழுங்கில் நாற்பது ஆண்டுகள் பழகிவிட்ட ஒருவனுக்கு, இங்கே ஒரு பழைய பெயர்ப் பட்டியல்கூடச் சுவரில் இல்லை என்பது பொறுக்க முடியாததாக இருக்கிறது.

எங்கள் சிறுவயதில் நிலைமை இப்படியிருக்கவில்லை. வவுனியாக் கச்சேரி வாசலில் மரநிழலில் மேசை போட்டிருந்த பெற்றிசம் எழுதுபவர்கள், எந்த ஊருக்கு எந்தப் பதிவாளர், எந்தக் காலத்துப் புத்தகம் எந்த அலுமாரியில் என்பதையெல்லாம் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். உள்ளே எவரும் கேட்கத் தேவையில்லாதபடி விண்ணப்பத்தை அவர்கள் எழுதித் தந்துவிடுவார்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய இடத்துக்கு வந்த படிவத்தில் அந்த அறிவுக்கு ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.

அப்போதுதான், வேறேதோ கோவை எடுக்க வந்த ஆவண அறை ஊழியர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். என்னைப் பார்த்து, "உங்கட ஐயா பிறந்த ஊர் முந்தி எந்தப் பற்று, அண்ணை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டு அரைநூற்றாண்டுக்கு மேலாகியிருக்கும். வன்னியின் பழைய பிரிவுகள் பற்றுகளாகவே இருந்தன: முள்ளியவளை, கருநாவல்பற்று, மேல்பற்று, கரிக்கட்டுமூலைப் பற்று. காணி உறுதியிலும் கோயில் நோட்டீசிலும் இருந்த பாட்டனாரின் முகவரி எனக்கு மனப்பாடம். "கரிக்கட்டுமூலை" என்றேன். வேறெதுவும் கேட்காமல் உள்ளே போனார். பதிவு இலக்கம் தெரியாததால் இரண்டு ஆண்டு காலத்துக்கான தேடலென்று படிவத்தைத் திருத்தி நிரப்பி, சிறாப்பரிடம் பணம் கட்டிப் பற்றுச்சீட்டோடு நான் திரும்பியபோது, ஓரங்கள் செல்லரித்த ஒரு பெரிய புத்தகம் கவுண்டரின் மேல் விரிந்திருந்தது.

பிள்ளையின் பெயர் என்ற பத்தியில் தந்தையாரின் பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் பலருடைய பத்தி வெறுமையாகக் கிடக்கும், இதில் அப்படியில்லை. தகப்பனின் பெயர் என்ற பத்தியில், இத்தாலித் தாளில் இருந்த அதே பெயர். அறிவித்தவர் என்ற இடத்தில் பாட்டனாரின் கையெழுத்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தும் பிரித்து எழுதப்பட்டிருந்தது. அவர் எழுதக்கூடியவர் என்பதே அதுவரை எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. காணி உறுதிகளை எழுதிக்கொடுத்தவர் நொத்தாரிசு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த ஊழியர் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி, இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுக் காட்டி, "ரெண்டு பேரில்லை, ஒரே ஆள்தான் எண்டு அவைக்குச் சொல்லுங்கோ" என்றார். இங்கிலாந்தில் கடிதம் மேல் கடிதமாக நான் விளக்கிய விடயம் அவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

சான்றுப்படுத்திய ஒளிப்பிரதியும் மொழிபெயர்ப்பும் யாழ்ப்பாணத்தில் கொன்சியூலர் அத்தாட்சியும் சிக்கலின்றிக் கிடைத்தன. நான் திரும்பி வந்ததும் திருத்த விண்ணப்பத்தோடு அவற்றை இணைத்து அனுப்பியிருக்கிறேன். கிடைக்கப்போகும் பதக்கங்களில் தந்தையாரின் பெயர் இருக்காது; முதலாம் உலகப் போரின் பதக்கங்களைப் போலன்றி, இரண்டாம் போரின் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் பொறிக்காமலேயே தன் படையினருக்கு வழங்கியது. எனவே பெயர் நிலைக்கப்போவது அந்தப் படைப்பதிவில் மட்டுமே. அங்கே அது சரியாக இருந்தாக வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பதும் இதனால்தான். எட்டாவது இராணுவத்தின் வரலாற்றை எழுதுகிறவர் எவரும் அந்த இரண்டு தாள்களையும் பார்த்தால், அங்கே ஒரு தமிழர் இத்தாலிவரை நடந்தார் என்பதை அறிய வழியில்லை.

அந்த இளம் உத்தியோகத்தர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் மக்கள் பற்றுப் பெயர் சொல்லி வாழவில்லை. இடம்பெயர்வு முகாமின் வலயப் பெயர்களைச் சொல்லி வாழ்ந்தார்கள். அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. கோபமெல்லாம், ஒருவருடைய ஓய்வூதியத்தோடு வெளியேறிவிடக்கூடிய அறிவை இன்னமும் எழுதிவைக்காமல் விட்டிருக்கும் ஏற்பாட்டின்மீதுதான்.

வெளிநாட்டிலிருந்து இதுபோன்ற பழைய பதிவுகளைத் தேடி வன்னிக்குப் போகிறவர்கள், புறப்படுமுன் வீட்டிலுள்ள காணி உறுதியையோ பழைய விவாகப் பத்திரத்தையோ எடுத்துப் பற்றின் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் இன்றைய பிரிவோடு அதையும் எழுதிக் கொடுங்கள். பழைய இடாப்புக்குப் பொறுப்பான ஊழியரிடம் நேரில் பேச அனுமதி கேளுங்கள். பழைய பற்றுகளையும் அவற்றின் ஊர்களையும் இன்றைய பிரிவுகளோடு பொருத்திய பட்டியலொன்றை ஒவ்வொரு பதிவுப் பிரிவிலும் வைக்க வேண்டும் என்று மாவட்டச் செயலாளருக்குத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களை அதோடு இணைத்திருக்கிறேன். மேல்பற்று ஊர்களும் கருநாவல்பற்று ஊர்களும் அதில் முழுமையாக இல்லை. அந்தப் பக்கத்தவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டு மிகுதியை எழுதி அனுப்ப வேண்டும்.