ஓடுபாதையில் நின்ற விமானம்: ஐந்து மணி நேரத் தாமதம் பற்றி ஒரு மதிப்புரை

அந்த விமான நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதன் சேவையில் ஒரு பெரிய நிறைவும் ஒரு பெரிய குறையும் இருந்தன, இரண்டும் ஒரே நாளில்.

விமானம் வேகமெடுக்கத் தொடங்கி, முதுகு இருக்கையோடு அழுந்திய சில நொடிகளிலேயே எஞ்சின் இரைச்சல் சட்டென்று அடங்கி, எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் கண்களை மூடியபடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்திற்குள் தலைமை விமானியின் குரல் கேட்டது. தமது வேகமானியும் துணை விமானியின் வேகமானியும் வெவ்வேறு வேகங்களைக் காட்டியதால் புறப்பாட்டைக் கைவிட்டதாகவும், காரணம் தெரியும்வரை பறக்கப்போவதில்லை என்றும் பூசி மெழுகாமல் சொன்னார்.

விமானத்தின் முன்பகுதியில் பிட்டாட் குழாய் என்ற சிறு குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்வரும் காற்றின் அழுத்தத்தை அவை வாங்கித் தருவதைக் கொண்டே வேகம் கணக்கிடப்படுகிறது. ஒரு பூச்சி அடைத்துக்கொண்டாலும் போதும், காட்டும் எண் பொய்யாகிவிடும். அதனால்தான் ஓடுபாதையில் 80 அல்லது 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 150 அல்லது 185 கிலோமீட்டர்) வேகத்தைத் தொடும்போது இரு விமானிகளும் தத்தம் வேகமானிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் என்ற துருக்கி நிறுவனத்தின் விமானத்தில் தமது வேகமானி சரியாக இயங்கவில்லை என்பதை ஓடுபாதையிலேயே கவனித்த தலைமை விமானி, நிறுத்தாமல் மேலெழும்பினார். சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்து, அதில் இருந்த 189 பேரும் இறந்தனர். குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள்.

இதை நான் காத்திருப்புக் கூடத்தில், இணைப்பு விமானம் தவறிப்போன கோபத்தில், கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்தபோது கோபம் இறங்கியிருந்தது. “கடவுள் என்னைக் காப்பாற்றினார்” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த 189 பேரிலும் வேண்டிக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், தம் கால அட்டவணை குலையும் என்று தெரிந்தும், எஞ்சின் விசையைப் பின்னுக்கு இழுத்த அந்தக் கையில் எனக்கு இறைவனின் கை தெரிந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஏணியில் நின்று விமானத்தின் மூக்கருகே கைவிளக்கை வைத்துக்கொண்டு குழாயைத் துருவிப் பார்த்த தொழில்நுட்பரிடமும் அதுவே தெரிந்தது. அவர் சரியென்று பதிவேட்டில் கையெழுத்திடாமல் அந்த விமானம் அசையாது. பக்கத்து இருக்கை முதியவர் அவரைக் காட்டி, “அவர் நிதானமாகவே பார்க்கட்டும் தம்பி, நமக்கு என்ன அவசரம்?” என்றார். எனக்கு அவசரம் இருந்தது, ஆயினும் தலையாட்டினேன்.

இனி குறை. விமானத்திற்குள் உண்மையைச் சொன்ன நிறுவனம் வெளியே வாயை மூடிக்கொண்டது. முகப்பில் இருந்தவர்கள் “இன்னும் அரை மணி நேரம்” என்பதை ஐந்து மணி நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவறிய இணைப்புக்கு மாற்றுப் பயணச்சீட்டை நான்தான் மூன்று வரிசைகளில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதுவும் மறுநாள் காலைக்கு. இரவு தங்குமிடத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பாதுகாப்புக்காகத் தாமதித்தது சரி என்பதால், காத்திருந்தவர்களை இப்படி நடத்தியதும் சரியாகிவிடாது.

விமானியறைக்கும் பராமரிப்புக்கும் ஐந்துக்கு ஐந்து, தரைச் சேவைக்கு ஒன்று. ஊர் சேர்ந்ததும் நிறுவனத்துக்கு இரண்டு பத்திகளில் ஒரு கடிதம் எழுதினேன். முதல் பத்தியில் தங்குமிடச் செலவைக் கேட்டிருந்தேன். இரண்டாவதில், அந்த விமானிக்கும் ஏணியில் நின்றவருக்கும் என் நன்றியைத் தெரிவிக்கும்படி வேண்டியிருந்தேன். முதல் பத்திக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது.